கப்பல் தலைவரின் குருதி சொன்ன செய்தி



வீட்டில் ஒருவர்க்கு அறுவை மருத்துவம் நடைபெறுகிறது. "நல்லபடியாக முடிந்தது" என்று மருத்துவர் கூறியவுடன் குடும்பம் முழுவதும் பெருமூச்சு விடுகிறது. தையல் பிரிக்கப்படுகிறது, நோயாளி வீடு திரும்புகிறார். நான்காம் நாளோ நான்காம் மாதமோ ஆய்வகத்திலிருந்து ஒரு தாள் வருகிறது. அதில் ஓர் எண்ணின் அருகே 'மிகுதி' என்றோ 'குறைவு' என்றோ ஒரு குறி காணப்படுகிறது. அக்குறியைக் கண்டு சில குடும்பங்கள் கலங்குகின்றன. வேறு சில குடும்பங்களோ, "அறுவைதான் முடிந்துவிட்டதே, இனி என்ன?" என்று அத்தாளை மடித்து அலமாரியில் வைத்துவிடுகின்றன. இவ்விரண்டும் தவறே. இது ஏன் தவறு என்பதைப் பாராதைராய்டு என்னும் சிறு சுரப்பிகளின் வரலாறு தெளிவாக எடுத்துரைக்கிறது.

கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சியின் வடிவில் அமைந்தது தைராய்டுச் சுரப்பி. அதன் பின்புறத்தில் அரிசிமணி அளவினவாய், பொதுவாக நான்காய், ஒட்டிக்கிடப்பவை பாராதைராய்டுச் சுரப்பிகள். பெயரில் உறவு உண்டேயன்றித் தொழிலில் இவ்விரண்டிற்கும் உறவில்லை. பாராதைராய்டின் ஒரே தலையாய பணி, குருதியில் கால்சியம் எனப்படும் சுண்ணச்சத்தின் அளவைக் காத்தலாகும். உடலிலுள்ள கால்சியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. எஞ்சிய ஒரு பங்கே குருதியிலும் தசைகளிலும் உலவுகிறது. ஆயினும் அந்தச் சிறு பங்கின்றி நரம்பு செய்தி சொல்லாது, தசை சுருங்காது, நெஞ்சு சீராகத் துடிக்காது. ஆகவே 100 மில்லிலிட்டர் குருதியில் ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்னும் குறுகிய எல்லைக்குள் அதனை உடல் நிறுத்திவைக்கிறது. அளவு குறையும்போது பாராதைராய்டு தன் ஹார்மோனைச் சுரக்கிறது. அந்த ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தருகிறது. சிறுநீரில் அது வீணாகாமல் தடுக்கிறது. வைட்டமின் டி-யைச் செயலூக்கம் பெறச் செய்து உணவிலிருந்து மிகுதியாக உறிஞ்ச வைக்கிறது. எலும்பை ஒரு களஞ்சியம் எனக் கொண்டால் பாராதைராய்டு அதன் திறவுகோலைக் கையில் வைத்திருக்கும் கணக்கர் எனலாம்.

இத்துணை முதன்மையான உறுப்பை உலகம் மிகக் காலம் தாழ்த்தியே கண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் இறந்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்றை அறுத்தாய்ந்த ரிச்சர்டு ஓவன், தைராய்டை ஒட்டிய ஒரு சிறு சுரப்பியைக் குறித்துவைத்தார். மனித உடலில் அதனை முறையாக விளக்கி 1880-ஆம் ஆண்டு வெளியிட்டவர் சுவீடன் நாட்டு உப்சாலாவைச் சேர்ந்த ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம். அதன் தொழில் இன்னதென விளங்க மேலும் பல்லாண்டுகள் ஆயின.

கணக்கர் கட்டுப்பாடின்றிக் களஞ்சியத்தைத் திறந்துவிட்டால் என்ன நேரும்? நான்கு சுரப்பிகளில் ஒன்று கட்டியாகப் பருத்து ஹார்மோனை அளவின்றிச் சுரக்கிறது. எலும்பு கரைகிறது, குருதியில் கால்சியம் பெருகுகிறது, சிறுநீரகத்தில் அது கல்லாகப் படிகிறது. இந்நோய்க்கு முதன்முதலில் அறுவை செய்தவர் வியன்னா நகரத்து மருத்துவர் ஃபெலிக்ஸ் மாண்டல். 1925-ஆம் ஆண்டு, எலும்பு நைந்து நடக்கவியலாதிருந்த டிராம் வண்டி ஊழியர் ஒருவர் அவரிடம் வந்தார். சுரப்பி பருப்பது எலும்பு நோயின் விளைவே, காரணமன்று என்பது அந்நாளைய கொள்கை. ஆதலின் மாண்டல் முதலில் அந்நோயாளிக்குப் பாராதைராய்டைக் குறைக்காமல் கூடுதலாகவே கொடுத்துப் பார்த்தார். பயனில்லை. பின்னர்த் தம் கொள்கையை மாற்றிக்கொண்டு கழுத்தைத் திறந்து கட்டியை அகற்றினார். படுத்திருந்தவர் எழுந்து நடந்தார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. சில ஆண்டுகளுக்குப்பின் நோய் மீண்டும் தலைகாட்டியது. அறுவையின் வெற்றி அன்றே முடிவாகிவிடுவதன்று என்பதற்கு அம்முதல் நோயாளியே சான்றாயினார்.

அதே காலத்தில் அட்லாண்டிக் கடலின் மறுகரையில் இன்னொருவர் துன்புற்றுக்கொண்டிருந்தார். அவர் பெயர் சார்லசு மார்ட்டல். வணிகக் கப்பலின் தலைவர். ஆறடிக்கு மேல் உயர்ந்த வாட்டசாட்டமான இளைஞர். முதல் உலகப்போர் முடிந்த காலத்திலிருந்து அவர் எலும்புகளில் வலி தொடங்கியது. சிறு அதிர்ச்சிக்கும் எலும்பு முறிந்தது. முதுகெலும்பு அமுங்கி, மார்பு முன்தள்ளி, ஆண்டுக்காண்டு அவர் குள்ளமாகிக்கொண்டே வந்தார். சில ஆண்டுகளில் சுமார் 7 அங்குல உயரம் குறைந்துபோயிற்று. சிறுநீரில் வெண்மணல் போலக் கால்சியம் வெளியேறியது.

1926-ஆம் ஆண்டு நியூயார்க்கு நகரத்து மருத்துவர் யூஜீன் டுபுவா அவரைக் கண்டார். அப்போதுதான் பாராதைராய்டின் சாற்றை ஜேம்சு காலிப் என்னும் அறிஞர் பிரித்தெடுத்திருந்தார். அச்சாற்றை ஊசிவழி ஏற்றினால் குருதியில் கால்சியம் ஏறும், பாஸ்பரம் இறங்கும். மார்ட்டலின் குருதியோ எந்த ஊசியுமின்றியே அந்நிலையில் இருந்தது. அப்படியாயின் அச்சாற்றை அவர் உடலே மிகுதியாகச் செய்துகொண்டிருக்க வேண்டுமென டுபுவா உய்த்துணர்ந்தார். பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜோசப் ஆப் என்பவர், ஈய நச்சால் தாக்குண்ட தொழிலாளர்களின் எலும்பிலிருந்து ஈயத்தை வெளியேற்ற அச்சாற்றைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். மார்ட்டல் அவரிடம் அனுப்பப்பட்டார்.

அவ்வாண்டிலேயே இருமுறை கழுத்து திறக்கப்பட்டது. கட்டி கிடைக்கவில்லை. கண்ணில் பட்ட சுரப்பியோ இயல்பானது. அறுவைக்குப்பின் குருதியைச் சோதித்தார்கள், கால்சியம் இறங்கவில்லை. 1929-இல் நியூயார்க்கில் மூன்றாம் அறுவை நடந்தது, அப்போதும் இறங்கவில்லை. 1932-இல் பாஸ்டனில் எட்வர்டு சர்ச்சில், ஆலிவர் கோப் என்னும் அறுவை வல்லுநர்கள் பொறுப்பேற்றனர். கோப் அதற்கு முன் இறந்த உடல்கள் பலவற்றில் இச்சுரப்பிகளைத் தேடித்தேடிக் கைப்பழக்கம் பெற்றார். அவர்கள் மேலும் மூன்றுமுறை கழுத்தில் தேடினர். ஆறாவது அறுவைக்குப் பின்னரும் குருதி அதே எண்ணையே காட்டியது.

இவ்விடத்தில் சற்று நின்று எண்ண வேண்டும். ஆறுமுறை தோல்வி கண்டபின், "நோய் இதுவன்று போலும்" என்று கைவிடுவதே எளிது. ஆனால் குருதியின் எண் பொய் சொல்லவில்லை. எங்கோ ஒரு கட்டி இருக்கிறது, தேடிய இடத்தில் இல்லை, அவ்வளவே என்பதை அது ஆறுமுறையும் ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தது. அக்குரலை மருத்துவர்க்கு இணையாகக் கேட்டவர் நோயாளியே. மார்ட்டல் தாமே நூலகத்தில் அமர்ந்து உடற்கூற்று நூல்களைப் பயின்றார் என்றும், கழுத்தில் இல்லையெனில் மார்புக்குள் தேடுங்கள் என்று அவரே வலியுறுத்தினார் என்றும் கூறுவர். கருவில் உடல் உருவாகும்போது இச்சுரப்பிகள் மேலிருந்து கீழிறங்கி வருகின்றன. சில வேளைகளில் கழுத்தில் நில்லாமல் மார்புக்கூட்டினுள்ளும் இறங்கிவிடுகின்றன.

1932 நவம்பரில் ஏழாம் அறுவை நடந்தது. மார்புக்கூடு திறக்கப்பட்டது. அங்கே ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் அளவில் கட்டி இருந்தது. முழுவதையும் எடுத்தால் கால்சியம் திடீரென வீழ்ந்துவிடும் என அஞ்சிய மருத்துவர்கள், பெரும்பகுதியை அகற்றி ஒரு சிறு துண்டைக் குருதியோட்டத்துடன் விட்டுவைத்தனர். ஆண்டுக்கணக்காக இறங்காத எண் இறங்கியது. ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் அது நிற்கவில்லை. மூன்றாம் நாளுக்குள் கை, கால் தசைகள் இழுத்துக்கொண்டன. நேற்றுவரை 'மிகுதி' என்றிருந்த குறி இன்று 'குறைவு' என்றாயிற்று. கால்சியம் கொடுத்துக் காத்தனர். ஏறத்தாழ ஆறு வாரங்கள் கழித்து, பழைய நோய் விட்டுச்சென்ற சிறுநீரகக் கல் ஒன்று குழாயை அடைத்தது. அதற்கான அறுவைக்குப்பின் குரல்வளைத் தசை இறுகி அந்தக் கப்பல் தலைவர் உயிர் நீத்தார். கட்டியை வென்றவர், அது விட்டுச்சென்ற விளைவுகளை வெல்லுமுன் மறைந்தார்.

கால்சியம் அவ்வளவு விரைவாக ஏன் வீழ்ந்தது? காரணம் இரண்டு. ஆண்டுக்கணக்காகக் கொள்ளைபோன எலும்பு, கொள்ளை நின்ற மறுகணமே இழந்ததை மீட்கக் குருதியிலுள்ள கால்சியத்தை வாரி உண்ணத் தொடங்குகிறது. இதனைப் பசித்த எலும்பு நிலை என்றே மருத்துவ உலகம் அழைக்கிறது. மற்றொன்று, எஞ்சியிருக்க வேண்டிய நல்ல சுரப்பிகளில் சில முந்தைய அறுவைகளில் அகற்றப்பட்டிருந்தன. கொடுப்பார் குறைந்து, கொள்வார் பெருகிய நிலை அது.

அன்று மார்ட்டலுக்குக் கிட்டாத வாய்ப்புகள் இன்று உள்ளன. பாராதைராய்டு ஹார்மோனையே குருதியில் அளந்தறியும் முறை 1963-இல் பெர்சன், யாலோ முதலிய அறிஞர்களால் உருவாயிற்று. இந்த ஹார்மோன் குருதியில் சில நிமிடங்களே நிலைக்கிறது. ஆகவே கட்டியை அகற்றிய பத்து நிமிடத்தில் அதன் அளவு பாதிக்குமேல் குறைந்துவிட்டதா என்று அறுவைக்கூடத்திலேயே பார்க்கவியலும். குறையவில்லையெனில் வேறொரு கட்டி எஞ்சியிருக்கலாம் என்று அப்போதே தேடலைத் தொடர்வர். கட்டி கழுத்திலா மார்பிலா என்பதை முன்கூட்டியே காட்டும் ஒலியலைப் படமும் கதிரியக்கப் படமும் உள்ளன. பயிற்சி மிக்க கைகளில் இவ்வறுவை பெரும்பாலும் வெற்றியே. ஆயினும் அறுவைக்குப்பின் வரும் தாளைப் படித்தறியும் கடமை மட்டும் இன்னும் மாறவில்லை.

அத்தாளில் தோன்றக்கூடிய மாறுபாடுகள் நான்கு வகையின.

முதலாவது, கால்சியம் குறைதல். அதனுடன் ஹார்மோனும் குறைதல். பருத்த கட்டி ஒன்றே நெடுநாள் எல்லா வேலையும் செய்ததால் மற்ற நல்ல சுரப்பிகள் உறங்கிக்கிடக்கும். அவை விழித்தெழச் சில நாள்களோ சில வாரங்களோ ஆகலாம். அதுவரை கால்சியமும் செயலூக்கமுள்ள வைட்டமின் டி-யும் தந்து காப்பர். அறுவையில் அவை ஊறுபட்டிருந்தால் மீளும் காலம் நீளும். சிலர்க்கு மருந்து நிலையாகவே தேவைப்படலாம்.

இரண்டாவது, கால்சியமும் பாஸ்பரமும் குறைந்து, ஹார்மோன் மட்டும் உயர்ந்திருத்தல். இதுவே மேற்கூறிய பசித்த எலும்பு. சுரப்பி தன் கடமையைச் செய்கிறது. ஆயினும் எலும்பின் பசி அதனினும் பெரிது. இங்கே மக்னீசியத்தையும் பார்ப்பர். அது மிகக் குறைந்திருந்தால் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் எண் ஏறாது.

மூன்றாவது, கால்சியம் இயல்பாயிருக்க ஹார்மோன் மட்டும் மிகுந்திருத்தல். அறுவை முடிந்தவர்களில் பலர்க்கு இது காணப்படுகிறது. குடும்பத்தார் மிகுதியும் அஞ்சுவதும் இதற்கே. வைட்டமின் டி குறைவு, உணவில் கால்சியம் போதாமை, சிறுநீரகத்தின் தளர்ச்சி, எலும்பு தன்னைச் சீரமைத்துக்கொள்ளல் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். கால்சியம் தொடர்ந்து இயல்பாக இருக்கும்வரை இது பெரும்பாலும் அறுவையின் தோல்வியைக் குறிப்பதன்று. ஆயினும் குறையைக் கண்டு நிரப்பிக் காலமுறைப்படி மீண்டும் சோதித்தல் வேண்டும்.

நான்காவது, கால்சியம் மீண்டும் மிகுதல். அறுவையாகி ஆறு திங்களுக்குள் மிகுந்தால் நோய் முழுமையாக நீங்கவில்லை என்றும், ஆறு திங்கள் இயல்பாயிருந்து பின்னர் மிகுந்தால் நோய் திரும்பியது என்றும் பகுப்பர். ஆறு திங்கள் கால்சியம் இயல்பாக நின்ற பிறகே 'குணமாயிற்று' என்னும் சொல்லை மருத்துவர் உறுதியாகச் சொல்வர். கால்சியம் மிகுந்த நிலையில் மறுஅறுவைக்கு விரையுமுன் சிலவற்றை ஆராய வேண்டும். நீரிழிவைக் குறிக்கும் சொல்லன்று. உடலில் நீர் வற்றியிருந்தாலும் எண் ஏறும். சில இரத்த அழுத்த மாத்திரைகளாலும் லித்தியம் என்னும் மனநோய் மருந்தாலும் ஏறும். பரம்பரையாக வரும் ஒருவகை நிலையில் குருதியில் கால்சியம் மிகுந்தும் சிறுநீரில் குறைந்தும் இருக்கும். அதற்கு அறுவை பயன்தராது. 24 மணிநேரச் சிறுநீரைச் சேகரித்துச் சோதிப்பது இதற்காகவே.

இனி, வீட்டார் கைக்கொள்ள வேண்டியவை. அறுவைக்குப்பின் இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையே கால்சியம் பெரும்பாலும் மிகத் தாழ்கிறது. அந்நேரத்தில் நோயாளி வீடு திரும்பியிருப்பார். உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோன்ற உணர்வு, விரல் நுனி மரத்தல், கைவிரல் தாமாகக் குவிந்து இழுத்துக்கொள்ளல் ஆகியவை அதன் முன்னறிகுறிகள். இவற்றைப் பலவீனம் என்று சொல்லி ஒதுக்கலாகாது. தசையிழுப்பு, குரல் அடைத்தல், மூச்சுத் திணறல், வலிப்பு தோன்றினால் விடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

"கால்சியம் மிகுந்ததால்தானே கல் வந்தது? மீண்டும் ஏன் கால்சியம் மாத்திரை?" என்று தாமாகவே நிறுத்துவோர் உண்டு. கல்லைத் தந்தது கட்டி. அது அகன்றபின் பசித்த எலும்புக்கு உணவு வேண்டும். கேழ்வரகு, எள், மோர், கீரை நல்ல துணையாகும். ஆயினும் அந்த நாள்களில் அவை மாத்திரைக்கு ஈடாகா. தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை உண்போர் அவற்றுக்கும் கால்சியத்திற்கும் இடையே சில மணிநேரம் விடல் வேண்டும்.

கதிரவன் மறைந்தபின் உண்ணாத ஒழுக்கமுடைய இல்லங்களில் இதற்குத் தனிக் கவனம் தேவை. கால்சியம் ஒரு நாளில் பலமுறை பிரித்துக் கொடுக்கப்படுவது. இரவு வேளை மாத்திரையைச் சொல்லாமல் விட்டுவிட்டு மறுநாள் குருதி கொடுத்தால், அந்த எண் மருத்துவரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். ஆகவே தம் வழக்கத்தையும், மேற்கொள்ளவிருக்கும் நோன்புகளையும் அறுவைக்கு முன்னரே மருத்துவரிடம் வெளிப்படையாகக் கூறிவிட வேண்டும். பகல் வேளைக்குள் பிரித்துக் கொடுக்க இயலுமா, எத்தனை வாரம் நோன்பைத் தள்ளிவைக்க வேண்டும் என்பவற்றை அவர் வகுத்துத் தருவார். மறைத்துக் காக்கும் ஒழுக்கத்தைவிடச் சொல்லிக் காக்கும் ஒழுக்கமே உடலுக்கும் உள்ளத்துக்கும் நலம்.

குருதி கொடுக்கச் செல்லும்போதும் சில நினைவில் நிற்க வேண்டும். இயன்றவரை ஒரே ஆய்வகத்தில் சோதித்தல் நலம். ஆய்வகத்துக்கு ஆய்வகம் இயல்பளவு சற்று மாறும். கால்சியத்துடன் அல்புமின் என்னும் புரதத்தையும் அளந்தால்தான் எண் சரியாகப் பொருள்படும். புரதம் குறைந்தவரிடம் கால்சியமும் குறைந்ததுபோலத் தோன்றும். முடி வளர்வதற்கென உண்ணும் பயோட்டின் மாத்திரை, ஹார்மோன் சோதனையின் முடிவையே பிறழச் செய்யக்கூடும். அதனை உண்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். அறுவைக்கு முந்தைய தாள்கள், அறுவைக் குறிப்பு, அகற்றிய கட்டியின் திசு ஆய்வறிக்கை ஆகியவற்றைத் தேதி வரிசையில் ஒரே உறையில் வைத்திருப்பது பின்னாளில் பேருதவியாகும்.

ஓர் எண் தனித்து நின்று முழு உண்மையைச் சொல்வதில்லை. கால்சியத்தை ஹார்மோனோடும், அவ்விரண்டையும் பாஸ்பரம், மக்னீசியம், வைட்டமின் டி, சிறுநீரகத்தின் நிலை ஆகியவற்றோடும், இன்றைய எண்ணை நேற்றைய எண்ணோடும் வைத்துப் பார்க்கும்போதே பொருள் விளங்குகிறது. அவ்வாறு பார்க்கும் கண் மருத்துவர்க்கு உண்டு. பார்க்க வேண்டிய தாளை அவர் கையில் உரிய நாளில் சேர்ப்பது குடும்பத்தின் கடமை.

சார்லசு மார்ட்டல் பிழைக்கவில்லை. ஆயினும் அவர் உடலில் ஏழுமுறை தேடிக் கற்ற பாடத்தால் கட்டி மார்புக்குள்ளும் ஒளிந்திருக்கலாம் என்று உலகம் அறிந்தது. கட்டியை எடுத்த பின்னரே கால்சியத்தை இமைகொட்டாது காக்க வேண்டும் என்றும் அறிந்தது. இன்று இந்த அறுவை முடித்து வீடு திரும்பும் ஒவ்வொருவரும் அந்தக் கப்பல் தலைவர்க்குக் கடன்பட்டவரே. அலமாரியில் மடித்து வைத்த தாளை எடுத்துப் படித்து, உரியவரிடம் சேர்ப்பதே அக்கடனைத் தீர்க்கும் வழியாகும்.